நாற்பது பேரும் ஒரே மையும்

ஒரு சலவைக்காரியின் பெயரை எந்த அருங்காட்சியகத்திலாவது வாசித்திருக்கிறீர்களா? எர்சிலியா சனிக்கிழமைதோறும் வாசிக்கிறாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை வேலை முடிந்ததும், ஈரத்தில் ஊறிச் சுருங்கிய விரல்களோடு நேரே இந்த அருங்காட்சியகத்துக்கு வருவாள். பளிங்குப் பேரரசர்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் சுவரோரம் ஒரு சிறிய கல்லறைக் கல். குனிந்து, உதடசைத்துப் படிப்பாள்: "ஹிலாரா. அடிமை. துணி துவைத்தாள். பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தாள். உடன் துவைத்தவர்கள் வைத்த கல்."

பிறகு கைக்குட்டையால் துடைப்பாள்.

"தொடாதீங்க சிஞோரா" என்பான் காவலாளி ஒஸ்வால்தோ.

"நீ துடைச்சா நான் ஏன்டா தொடப்போறேன்? எப்படிப் புழுதியடைஞ்சு கிடக்கா பாரு!"

வரும் திங்களன்று அந்தக் கல் நிலவறைக்குப் போகிறது. ரோமிலிருந்து இன்னொரு பேரரசரின் தலை இரவல் வருகிறதாம், இடம் வேண்டுமாம். ரோமானியர் காலத்தில் இந்த ஊரின் குளியல் மண்டபங்களைக் கட்டி, கழுவி, சூடேற்றிச் செத்த அடிமைகளில் பெயரோடு மிஞ்சியவள் இவள் ஒருத்தி. இவளுக்கு ஒன்றரை அடிச் சுவர் இல்லை. ஏழு தலைகள் இருக்கும் இடத்தில் எட்டாவது தலைக்கு இருக்கிறது!

"கல் இங்கேயே இருக்கணும்னு பார்வையாளர் ஏட்டுல மக்கள் கேட்கட்டும், பார்க்கலாம்" என்றார் இயக்குநர். எர்சிலியா கேட்டாள், நாற்பது பேராக. மிலான் ஆசிரியை, நேப்பிள்ஸ் மாலுமி, செத்துப்போன தன் கணவன்கூட. எல்லோரும் ஊதா மையில் எழுதியிருந்தார்கள். படுக்கைவிரிப்புகளில் வார்டு எண் குறிக்கும், எத்தனை வெளுப்புக்கும் போகாத மை.

"நாப்பது பேருக்கும் ஆஸ்பத்திரிப் பேனாதான் கிடைச்சுதா, சிஞோரா?" என்று இயக்குநர் அத்தனையையும் அடித்துவிட்டார்.

"அவளைக் கீழ தள்ளினது நானேதான்டா" என்று ஒஸ்வால்தோவிடம் புலம்பினாள். "கைக்குப் பழகின பேனா. யோசிக்கவே இல்ல."

இன்று கடைசிச் சனிக்கிழமை. ஒரு மணியிலிருந்து வாசலில் நிற்கிறாள். நொடிக்கொரு தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். யாரோ கழிப்பறை எங்கே என்றார்கள்.

"நேராப் போங்க. வழியில ஒரு பொண்ணு பேரு இருக்கும், நின்னு படிச்சுட்டுப் போங்க. அப்படியே வந்து ரெண்டு வரி எழுதிடுங்க, புண்ணியமாப் போகும்!"

மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஆறு மணிக்குக் கதவடைத்துவிடுவார்கள். ஒஸ்வால்தோ சத்தமில்லாமல் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த நீலப் பேனாவை, சுருங்கிய உள்ளங்கையில் வைத்து வருகிறவர்களிடம் நீட்டிக்கொண்டே நிற்கிறாள். வாங்கி எழுதுங்கள், உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில்.