முதல் மழையை விடச் சொன்னவன்

இந்த ஊரில் நான் தெருவுக்கு வேக்கியூம் பிடிக்கிறேன். சிரிக்காதீர்கள், அதுதான் என் உத்தியோகம். பிரிஸ்பேனில் மழையில்லாத நாள்களில் தார் வீதியில் எவ்வளவு புழுதி படிகிறது, மழை வந்ததும் அதில் எவ்வளவு கழுவப்பட்டு ஆற்றுக்குப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் கணினிக் கணக்கு ஒன்றை நாங்கள் உருவாக்குகிறோம். சென்ற வாரம் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தன் வீட்டுக் கேற்றடிக்கு வந்து, "அப்படியே என் வாசலையும் சுத்தமாக்கிவிடேன்" என்றார். நான் துப்புரவாக்க வரவில்லை, புழுதியை எடுத்துப்போகத்தான் வந்தேன் என்றேன். களவெடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புழுதி எனக்குப் புதிதல்ல. நான் பிறந்த பாலாவியில், சந்திக்குப் பக்கத்தில், லொறிகள் ஓயாத வீதியோரத்தில் எங்கள் வீடு. என் மூத்த சகோதரி, ராத்தா, இப்போது அங்கே தனியாக இருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் உவர். கூரையில் விழும் மழையைப் பீலி வழியாகத் தாங்கியில் பிடித்துத்தான் குடிப்பார். போன வருடம் மாதக்கணக்காக வெயில். கூரை முழுக்கப் புழுதி. முதல் மழையில்தான் அழுக்கு அத்தனையும் இறங்கும், அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள் என்று போனில் விளக்கினேன்.

"வார தண்ணிய வேணாண்டு விடுறதா தம்பி?"

"ஓம் ராத்தா. நான் இதத்தானே படிச்சிருக்கிறன்."

மழை வந்தது. ராத்தா பீலிக் குழாயைத் தாங்கியிலிருந்து முற்றத்துப் பக்கம் திருப்பிவிட்டார். கால் மணித்தியாலம் கொட்டிவிட்டு நின்றது. அடுத்த மழை ஒன்றரை மாதம் வரவேயில்லை. அத்தனை நாளும் முழங்கால் வருத்தத்தோடு, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காக வெயிலில் வரிசையில் நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் சில நிமிடங்களை மட்டும் விடச் சொல்லியிருந்தால் போதும். அடுத்த மழை எப்படியும் வரும் என்று நினைத்தது பிரிஸ்பேன்காரனின் நினைப்பு. பாலாவியில் பிறந்த எனக்கு அது எப்படி மறந்துபோனது? வெட்கத்தில் குறுகிப்போனேன்.

மன்னிப்புக் கேட்டேன்.

"நீ நல்லதுக்குத்தானே சொன்ன. ஊத்தத் தண்ணியெண்டாலும் வடிச்சுக் காய்ச்சிக் குடிச்சிருப்பன், அவ்வளவுதான்" என்றார்.

இன்று இங்கே நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழை. வடிகான் வாயில் குந்தியிருந்து போத்தலில் பிடித்தேன். கறுப்பாக வந்தது. ஒரு சொட்டும் சிந்தாமல் மூடி, நாளும் நேரமும் எழுதி ஒட்டி, ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரமாக வைத்தேன். அங்கே முதல் மழையை மண்ணில் விடச் சொன்னவனும் நான்தான். பெட்டியின் கதவை மூட மனம் வராமல், அந்தப் போத்தலைப் பார்த்தபடி நின்றேன்.