கஸ்தூரியின் குரலில் படிந்த செம்பு

செவ்வாய்க்கிழமை காலை. கோடம்பாக்கத்தில் எங்கள் டப்பிங் தியேட்டரில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கஸ்தூரியின் தம்பி சேகர் போனில் கூப்பிட்டான். "அக்கா பூட்ச்சிண்ணா" என்றான். கஸ்தூரிக்கு முப்பத்திரண்டு வயதுதான்.

அவளோடு மைக் முன் நின்றவர்களுக்கு அவள் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவாள். இந்தி சீரியல்களின் அரண்மனை மருமகள்களெல்லாம் தமிழில் அவள் குரலில்தான் பேசினார்கள். "தங்கள் விருப்பம் அதுவென்றால் எனக்கும் சம்மதமே" என்று பட்டுப்போல முடித்துவிட்டு, அடுத்த நொடி கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருக்கும் என்னைப் பார்த்து, "இன்னாண்ணா, ஓகேவா? இன்னொருவாட்டி போலாமா?" என்பாள்.

முதலில் போனது 'ழ'. சவுண்ட் இன்ஜினியரான என் ஹெட்போனில்தான் அது முதலில் கேட்டது. பிறகு 'ச' குழைந்தது. வசனத் தாளில் அவள் எழுதும் குறிப்புகள் சிறுத்து, கோணி, ஒருநாள் அவளுக்கே படிக்க வராமல் போயின. தாளைப் பிடித்த கை நடுங்கியது. குடிக்கிறாள் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். "ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா" என்றேன்.

"நான் குடிக்கிறேன்னு நீயும் நெனைக்கிறியாண்ணா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்தார். செம்பு. சோற்றிலும் பருப்பிலும் எல்லோரும் துளித்துளியாகச் சாப்பிடும் செம்புதான். நமக்கெல்லாம் தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் வெளியேற்றிவிடுகிறது. பிறவியிலேயே அவள் கல்லீரலுக்கு அது முடியவில்லை. சேர்ந்த செம்பு மூளைக்கு ஏறி, கையையும் நாக்கையும் ஆட்டிவைக்கும் இடத்தில் படிந்திருந்தது. படிந்ததை இறக்க முதலில் ஒரு மருந்து; அதன் பிறகு ஆயுள் முழுக்க ஜிங்க் மாத்திரை. துத்தநாகம் இருந்தால் குடல் செம்பை உள்ளே விடாதாம். "வாட்ச்மேன் மாதிரிண்ணா. அவன் லீவு போட்டா நான் காலி" என்று சிரித்தாள்.

ஒன்றரை வருடத்தில் குரல் திரும்பியது. மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். நாங்கள் டீ குடிக்கும்போது அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். குமட்டும். ஒருநாள் பார்த்தால், எங்களோடு டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே, டீயெல்லாம் குடிக்கிறே?" என்றேன்.

"நல்லாத்தானே கீறேன், இன்னும் இன்னாத்துக்கு மாத்திரை?"

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. எட்டு மாதம் கழித்து, ஒரு டேக்கின் நடுவில், 'வாழ்க்கை' என்ற சொல்லில் அந்தப் பழைய குழைவு கேட்டது. டேக்கை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். முதல் முறை இறங்கிய செம்பு இம்முறை இறங்கவில்லை. தாடை இறுகியது. பேச்சு நின்றது. வயிறு வீங்கியது.

கூடப் பிறந்தவர்களுக்கும் சோதனை செய்யச் சொல்லி டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். தம்பி சேகர் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் ஓட்டுகிறான். "எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். கடைசியாக மருத்துவமனையில் சேர்த்த நாளில், கஸ்தூரி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்து சொல்லியும் விடவில்லை. நடுங்கும் அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. அவன் சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டாள்.

அவனுக்கும் இருந்தது. கை நடுக்கமில்லை, பேச்சில் பிசிறில்லை, ஆனால் இருந்தது. அன்றிலிருந்து ஜிங்க் மாத்திரையை அவள் கண்ணெதிரேதான் அவன் விழுங்க வேண்டும். தொண்டைக்குள் இறங்குகிறதா என்று இமைக்காமல் பார்ப்பாள்.

காரியம் முடிந்து கிளம்பும்போது சேகரைத் தனியே அழைத்து, "மாத்திரை போட்டியா?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா போனதுலேர்ந்து போடலண்ணா."

வீட்டுக்குள் போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். விழுங்கும்வரை நின்றேன். அவள் குரல் உங்கள் எல்லோருக்கும் பொது. எனக்கென்று அவளிடமிருந்து மிஞ்சியது, அவனைப் பார்த்துக் கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்விதான். கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கும் கேட்பேன்.