மேலே போய் இறங்கிய ஒற்றைச் சக்கரம்

மடுல்சீமைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கும் மேலே இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே போய் வெறுமனே நிரஞ்சலா என்று கேட்டால், எந்த நிரஞ்சலா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். ஒற்றைச் சக்கரத்து நிரஞ்சலா என்று கேட்டுப் பாருங்கள். சீட்டு விளையாடிக்கொண்டிருப்பவன்கூட சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்து வழி காட்டுவான்.

அந்தச் சக்கரம் மின்சாரத்தில் ஓடுவது. நடுவில் ஒரே ஒரு தடித்த டயர், அதைச் சுற்றி ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் கால் வைக்க மிதி. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது, உட்கார இடம் கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள்.

நிரஞ்சலா குவைத்தில் எட்டு வருஷம் வீட்டு வேலை செய்தவள். அந்த வீட்டு மூத்த மகன் மணல்மேட்டில் ஏறி விளையாட இதை வாங்கினான். இந்த வகைச் சக்கரத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று வேகத்துக்குப் பிறந்தது, மற்றது இழுவைக்குப் பிறந்தது. அவன் வாங்கியது இழுவைச் சக்கரம். நேர்ச்சாலையில் நண்பர்களெல்லாம் அவனைத் தாண்டிப் பறந்தார்கள். அவமானம் பொறுக்காமல் இன்னும் விலை கூடியது ஒன்றை வாங்கிக்கொண்டு, இதைத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டான். தினமும் அதை நகர்த்தி வைத்துக் கூட்டிய நிரஞ்சலா, ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினாள். இரண்டு மாதத்தில் சுவரை விட்டாள். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும்போது, வேண்டுமானால் எடுத்துப் போ என்றான் அவன். பேட்டரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் பேட்டரி இல்லாத வெறும் சக்கரம்தான் மடுல்சீமைக்கு வந்து சேர்ந்தது. மகளுக்குப் பெரிய பொம்மையாக ஏதாவது கொண்டுவருவாள் என்று லயத்தில், அந்த வரிசை வீடுகளில், காத்திருந்த ஜனங்கள், இதைப் பார்த்து மோட்டார் சைக்கிளில் பாதியை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸஹாப்தீன் என்பவர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். உடைந்த ஸ்கூட்டர், பழுதான மடிக்கணினி எல்லாவற்றிலிருந்தும் நல்ல செல்களைப் பொறுக்கிப் புதுப் பேட்டரி கட்டுவதில் கெட்டிக்காரர். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். நிரஞ்சலா சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் தேநீரை மறந்தார், மதியச் சோற்றையும் மறந்தார்.

"பெரிய பேட்டரி போட்டா எம்பது கிலோமீட்டர் ஓடும் தங்கச்சி," என்றார்.

"எவ்ளோ பாரம் நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் நிரஞ்சலா.

"முப்பத்தெட்டு கிலோ வரும்."

"எங்க லயத்துக்கு ரோட்டுல இருந்து அறுவத்தெட்டுப் படி. நான்தான் தூக்கணும்."

ஸஹாப்தீன் தாடியைச் சொறிந்தார். "அதுதான் இந்தச் சாமான்ட கஷ்டம். தூரம் வேணுமெண்டா பாரம் கூடும். பாரத்தைக் கொறைச்சா தூரம் கொறையும். வேகம் வேணுமெண்டா ஏத்தத்துல இழுக்காது. இழுவை வேணுமெண்டா வேகத்தை மறக்கணும். எல்லாத்தையும் ஒண்டாத் தார சக்கரம் இன்னும் பொறக்கல்ல."

"எனக்கு வேகம் வேணாம். ஏறணும், எறங்கணும், தூக்க முடியணும்."

அப்படியே பாதிப் பேட்டரி கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை அவர் வருங்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இதே தூரம் ஓடும் பேட்டரி பாதிப் பாரத்தில் வரப்போகிறதாம். உள்ளே இருக்கும் மின்பலகை ஒன்று செத்தால் இன்னொன்று உடனே பிடித்துக்கொண்டு ஆளை விழாமல் காக்குமாம். முன்னால் இருக்கும் மேடு பள்ளத்தை வரைபடத்தில் பார்த்துச் சக்கரமே யோசித்து ஓடுமாம். "அது வார வரைக்கும் நீங்கதான் யோசிக்கணும்," என்று சொல்லி, விரலை நீட்டி ஒரு எச்சரிக்கையும் தந்தார்.

"எறக்கத்துல பிரேக் புடிக்கிறப்ப இது கரண்டைத் திருப்பிப் பேட்டரிக்குள்ள அனுப்பும். பேட்டரில எடம் இருக்கணும். எடம் இல்லாட்டி மொதல்ல கத்தும், மிதியைத் தூக்கும், அதுக்கும் கேக்காட்டி ஆளைத் தள்ளும். கொழும்புக்காரனுக்கு இந்தப் பிரச்சின இல்ல, அவனுக்கு ஊரே தட்டை. நீங்க மலைக்கு மேல இருந்து எறங்குற ஆள். நூத்துல எம்பதுக்கு மேல சார்ஜ் போடவே வேணாம்."

நிரஞ்சலா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சார்ஜர் தானாக நிற்காது. அவளே மணி பார்த்து எண்பதில் பிடுங்குவாள். புருஷன் நிமலனுக்கும் சொல்லி வைத்தாள். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை செய்கிற, வாய்ப்பேச்சு குறைந்த, நல்ல மனுஷன் நிமலன். சரி சரி என்று தலையாட்டினான். பிழை அந்தத் தலையாட்டலில்தான் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குவைத் ஏஜென்சியிலிருந்து மறுபடி ஃபோன் வந்துகொண்டிருந்தது. இன்னொரு வீடு, இன்னும் இரண்டு வருஷம். வீட்டு நிலைமைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் நிரஞ்சலாவுக்குப் போக மனமில்லை. அவள் போகும்போது மகள் சிவசக்திக்கு இரண்டு வயது. வந்தபோது பத்து. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பிள்ளை அப்பாவிடம்தான் கேட்டது. அது நிரஞ்சலாவின் நெஞ்சை அறுத்தது. இன்னும் இரண்டு வருஷம் போனால், பிள்ளை அவளை விருந்தாளியாகத்தான் வைத்துப் பார்க்கும்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து நலன்புரிச் சங்கம் மருந்து கொண்டுவர ஒரு ஆளைத் தேடியது. சர்க்கரை, பிரஷர் என்று மாத்திரை சாப்பிடும் வயசாளிகளின், மருந்து எழுதிய நோட்டுகளான கிளினிக் கொப்பிகளை வாங்கிக்கொண்டு, ஒன்பது கிலோமீட்டர் கீழே சந்தி மருந்துக்கடையில் மருந்து எடுத்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் உண்டு. நிரஞ்சலா கேட்டாள். சங்கத் தலைவர் ரெங்கசாமி அவளையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு சக்கரத்துல போறவனே வழுக்கி விழுறான் தாயி. நீ ஒத்தச் சக்கரத்துல போறேங்குற."

"ஒரு தடவ போய்ட்டு வந்து காட்டுறேன் தலைவரே."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் கிளம்ப வேண்டும், சங்கக் கூட்டம் பதினொரு மணிக்கு முடிவதற்குள் தோட்டத்தில் தங்கள் பகுதியான நடு டிவிசனின் எட்டுப் பேருடைய மருந்தோடு திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. வந்தால் வேலை, வராவிட்டால் குவைத்.

ஞாயிறு காலை நிரஞ்சலா குளிக்கப் போயிருந்தபோது நிமலன் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து யோசித்தான். வீட்டில் பொங்கலுக்கு அரிசி அளந்தாலும் படியைக் குவித்துத்தான் அளப்பார்கள். வாசலில் வைக்கும் குடத்தைத் தளும்பத் தளும்பத்தான் வைப்பார்கள். பெண்டாட்டி வாழ்வா சாவா என்று கிளம்புகிற நாளில் குறை வைத்தா அனுப்புவது? சார்ஜரைச் செருகினான். அவள் உடுத்தி, சாப்பிட்டு, மகளுக்குத் தலை பின்னி முடிக்கும்வரை அது ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு சக்கரத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். பெரிய பொட்டாக இருக்கட்டும் என்று, சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் அந்தச் சின்னக் கண்ணாடியின் மேலேயே அப்பினான்.

கோயிலடியில் கூட்டம் நெருக்கியடித்தது. லாரிக்கு நான்கு எலுமிச்சம்பழம் வைக்கிற பூசாரி, ஒரு சக்கரத்துக்கு ஒன்று போதுமா என்று சந்தேகம் கேட்டுச் சிரிப்பை வாங்கினார். நிரஞ்சலா தலைக்கவசத்தை மாட்டினாள். கண்ணாடியில் பொட்டு இருப்பதைப் பார்த்தாள். சாமி பொட்டை யார் துடைப்பார்கள்? எலுமிச்சை நசுங்க, பிள்ளைகள் ஓவென்று கத்த, இறக்கத்தில் சறுக்கிக்கொண்டு போனாள்.

முந்நூறு அடி போயிருப்பாள். சக்கரம் கீச் கீச்சென்று கத்தியது. இரண்டாவது வளைவில் மிதி முன்பக்கம் தூக்கிக்கொண்டு அவளைப் பின்னால் தள்ளப் பார்த்தது. குதித்து இறங்கினாள். பொட்டைத் துடைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் நூறு என்று நின்றது.

நிமலனை நினைத்துக் கோபம் வந்தது. அடுத்த நொடியே, அந்த மனுஷன் பொட்டு வைக்கும்போது எப்படி முகத்தை வைத்திருப்பான் என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது. சிரித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒன்பது கிலோமீட்டர் இறக்கத்தைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தால் போகவே பதினொரு மணி ஆகிவிடும். பேட்டரியில் இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் கரண்டைச் செலவழிக்க வேண்டும். இந்த மலையில் கரண்டு செலவழிய ஒரே வழி ஏறுவதுதான். நிரஞ்சலா சக்கரத்தைத் திருப்பினாள்.

கீழே போனவள் மேலே வருவதைக் கண்டு கோயிலடிக் கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தது.

"சந்தி அந்தப் பக்கம் தாயி!" என்று ரெங்கசாமி கையை நீட்டினார்.

நிமலன் முகத்தில் ரத்தம் இல்லை. விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. நிரஞ்சலா நிற்காமல் அவனைக் கடந்தபடி சொன்னாள்: "நெறைச்சு அனுப்பியிருக்கீங்க. கொஞ்சம் செலவழிச்சிட்டு வர்றேன்."

அதற்கும் மேலே போகிற பாதை மேல் டிவிசனுக்குப் போகிறது. போன மழையில் பாதிப் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மணல்மேட்டுக்காகச் செய்த இழுவைச் சக்கரம் கல்லிலும் சேற்றிலும் உறுமிக்கொண்டு ஏறியது. குவைத் வீட்டு மகனுக்கு அவமானமாகப் பட்ட அதே இழுவை. நிரஞ்சலாவுக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது.

மேலே தண்ணீர்க் குழாயடியில் யேசுரத்தினம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற காவல்காரர், சர்க்கரைக்காரர், முழங்கால் வீங்கிய மனுஷன். சக்கரத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார்.

"என்னா புள்ள இது, எங்க போற?"

"கீழ சந்திக்கு மருந்தெடுக்க."

"சந்திக்கு எவளாவது மேல ஏறி வருவாளா? எனக்கும் மாத்திர முடிஞ்சு போச்சு. இன்னிக்குப் பூசைக்கும் போகாம நடந்துதான் எறங்கலாம்னு நிக்கிறேன். எங்க டிவிசன லிஸ்டுலயே போடல, தெரியுமா? வண்டி வராதாம்."

நிரஞ்சலா கண்ணாடியைப் பார்த்தாள். எழுபத்தொன்பது. ஸஹாப்தீன் சொன்ன எண்பதுக்குக் கீழே வந்துவிட்டது. "ரெண்டே நிமிஷம்தான் நிப்பேன். கொப்பிய எடுத்துட்டு வாங்க மாமா. பக்கத்துல யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க," என்றாள்.

இரண்டு நிமிஷம் ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆறு கொப்பி சேர்ந்தது. இப்போது இறங்கும்போது சக்கரம் வாயைத் திறக்கவில்லை. கோயிலடியைக் கடந்தபோது கூட்டம் கையைத் தட்டியது. இந்தத் தடவை கேலியா பாராட்டா என்று அவள் பார்க்கவில்லை.

சந்தியில் மருந்துக்கடைக்காரர் பதினான்கு பேருக்கும் எண்ணிக் கட்டிக் கொடுக்க நேரம் எடுத்தது. திரும்பி ஏறும்போது பாதிப் பேட்டரியின் குணம் தெரிந்தது. நாற்பது, முப்பது என்று இறங்க இறங்கச் சக்கரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசிக் கிலோமீட்டரில் ஆள் நடக்கிற வேகம்தான். பிள்ளைகள் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே கூட நடந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சிவசக்தி, பாதையில் கிடந்த கல்லையெல்லாம் காலால் தள்ளிக்கொண்டே போனாள். "அம்மா, இந்தப் பக்கமா வாங்க," என்று அவள் சொன்னதைக் கேட்டு நிரஞ்சலா அந்தப் பக்கமாகவே சக்கரத்தைத் திருப்பினாள்.

பதினொரு மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது ரெங்கசாமி முன்னால் மருந்துப் பையை வைத்தாள். அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"எட்டுப் பேருக்குத்தானே சொன்னோம்?"

"மேல் டிவிசன் ஆறு பேருக்கும் சேத்து எடுத்தேன்."

"அங்க வண்டி போகாதே?"

"வண்டி போகாது தலைவரே. இது போகுது."

ரெங்கசாமி மருந்துப் பையை மூடினார். பிறகு பட்டியலை வாங்கி, அடியில் மேல் டிவிசன் என்று தன் கையாலேயே எழுதினார். "சிரிச்சதுக்கு மன்னிச்சிக்க தாயி. அடுத்த கிளினிக்குல இருந்து நீயே எடு."

நிமலன் ஒரு தூணோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். நிரஞ்சலா அவனிடம் போனாள்.

"திட்டுறதுன்னா வீட்ல வச்சுத் திட்டு நிரு," என்றான் மெதுவாக.

"எதுக்குத் திட்டணும்? இனிமே மொதல்ல மேல ஏறிக் கொப்பி வாங்கிட்டுத்தான் கீழ எறங்கணும். எம்பதோட கெளம்புனா எனக்குத் திரும்பி வரப் பத்தாது. நீங்க நூறு வரைக்கும் போடுங்க. பொட்டு மட்டும் பக்கவாட்டுல வைங்க."

செய்தி பதுளைக்குப் போனபோது ஸஹாப்தீன் கடையே அதிரச் சிரித்தாராம். சக்கரம் செய்கிற கம்பெனிக்காரர்கள் இனி மடுல்சீமைக்கு வந்துதான் பாடம் படிக்க வேண்டும் என்று, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் ஏஜென்சியிலிருந்து மறுபடி ஃபோன் அடித்தது. நிமலன் லயத்து வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். சிவசக்திதான் எடுத்தாள்.

"அம்மாவா? அம்மா மேல போயிருக்காங்க," என்றாள். "அப்புறம் கீழ போவாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்துருவாங்க. வேற எங்கயும் போக மாட்டாங்க."

சொல்லிவிட்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபோனை வைத்தாள்.