சிலிக்கு ஓர் ஒத்திகை

பிரெடெரிசியாவில் என் கணவரின் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்த அன்று, கூடத்துச் சுவரில் ஒரு தேசப்படம் தொங்கியது. கூரையில் தொடங்கி நிலம்வரை வந்து, மிச்சம் தரையில் சுருண்டு கிடந்தது. சீலையின் கரையை மட்டும் கிழித்தெடுத்தது போல ஒரு நாடு.

"இதுதான் டென்மார்க்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை, சிலி," என்றார். "நாங்கள் அங்க போகப்போறம்."

கலியாணம் முடித்த கையோடு டென்மார்க்குக்கு வந்தவர் அவர். என்னைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. டெனிஷ்காரர் அதற்குத் தமிழ் வழக்கு என்று பெயர் வைத்து, டிவியில் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். காத்திருந்த காலத்தில் எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. இவர் குடிவரவுக் கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்பார்; பொறுத்திருங்கள் என்பார்கள். நான் மன்னாரில் தபால்காரரின் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இங்கே சிலியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நாட்டை இவருக்குக் காட்டித் தந்தவர், தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் நின்ற ஒரு சிலிக்காரர். இராணுவ ஆட்சி வந்தபோது தப்பி வந்தவர். திரும்பிப் போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். இவருக்கும் ஊருக்குப் போக வழியில்லை. வீட்டுக்குப் போக முடியாத இரண்டு பேரும் வேலை முடிந்த கையோடு கோப்பியை ஊற்றிக்கொண்டு, உடைந்த டெனிஷில் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். வடக்கே பாலைவனத்தில் தொடங்கி, தெற்கே பனிக்கட்டி மிதக்கும் கடல்வரை. பஸ், கப்பல், கூடாரம், நடுவில் கொஞ்சத் தூரம் குதிரை.

"குதிரையோ?" என்றேன். மன்னாரில் கழுதை குறுக்கே வந்தாலே சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறவர் இவர்.

"அது சாதுவான குதிரையாம்."

படத்தில் இடையிடையே சிவப்பு மையால் குட்டிக் குட்டிக் கட்டில்கள் கீறியிருந்தன. அவை என்னவென்று கேட்டேன்.

"அது நீர் களை ஆறுற இடங்கள். ஒரேயடியாப் போனா உமக்கு ஏலாது."

நான் மன்னாரில் இருந்து கொழும்புக்குப் பாதி லொறியிலும் பாதி நடையிலும் வந்தவள். சோதனைச் சாவடிகளில் திறந்து மூடித் திறந்து மூடி என் பெட்டியின் பூட்டே கழன்றுபோயிருந்தது. அதையெல்லாம் சொல்லி அவருடைய கட்டில்களைக் கெடுக்க மனம் வரவில்லை.

சிலிக்காரர் பின்னேரங்களில் வருவார். அவர்களின் டெனிஷில் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. படத்தைத் தொட்டுக் காட்டித்தான் சொல்லித் தந்தார்கள். மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பாலைவனம், எரிமலை, பனியாறு எல்லாவற்றுக்கும் டெனிஷ் தெரிந்திருந்தது, வெண்ணெய்க்குத் தெரியாது. பனியாற்றில் வாழ்ந்த ஆளோ என்று ஆசிரியை கேட்டார்.

கோடை தொடங்கியதும் நானே சொன்னேன்: "சும்மா படத்தைப் பாத்துக்கொண்டு இருக்காமல், ஒருக்கா ஒத்திகை பாப்பம்."

ஒரு கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் சைக்கிள்களோடு மேற்குக் கடற்கரைக்கு ரயிலில் போனோம். ரயிலால் இறங்கி எதிர்க்காற்றில் மிதித்தோம். இவர் ஊரில் உள்ள உடுப்பெல்லாவற்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டிருந்தபடியால் காற்று இவரைத்தான் நன்றாகப் பிடித்தது. கூடாரம் அடித்ததும் அது பாய்மரம் போல உப்பிக்கொண்டு எழும்பப் பார்த்தது. இவர் உள்ளே போய்க் கம்பைக் கட்டிப்பிடித்துச் செபமாலை சொல்லத் தொடங்கினார். சிறிது நேரத்தில் சத்தத்தைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், முதுகு பிடித்துக்கொண்டதென்று நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறார்.

"இது எத்தினையாவது கட்டில்?" என்று கேட்டேன்.

"பகிடி விடாமல் அந்த எண்ணெயைத் தாரும்."

வெளியே, மணல்மேட்டின் மறைவில் நான் மீன் குழம்பு வைத்தேன். சிலிக்காரர் பக்கத்தில் இருந்து உருளைக்கிழங்கு சீவினார். சீவியதையே திரும்பவும் சீவிக்கொண்டிருந்தார். பிறகு, சிலியில் இருந்து தன் அக்கா போன் எடுத்தார் என்று மெதுவாகச் சொன்னார். ஆட்சி மாறிவிட்டது, இனி நாட்டுக்கு வரலாமாம்.

என் அரைகுறை டெனிஷில், நல்ல செய்தி அல்லவா என்றேன்.

"நல்ல செய்திதான்," என்றார். "ஆனால் அங்கே எனக்கு இனி யாரைத் தெரியும்? என் தெருவில் இருந்த பிள்ளைகளுக்கே இப்போது மீசை முளைத்திருக்கும்."

கூடாரத்துக்குள் இருந்து இவருடைய குரல் வந்தது. படுத்தபடியே டெனிஷில், "நீ முதலில் போ. நாங்கள் பின்னால் வருகிறோம்," என்றார்.

அந்தப் பனிக்காலத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். பிரெடெரிசியா ஸ்டேசனில் வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததும் இவர் படத்தின் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் பகிடி ஒன்றும் விடவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் இருந்தேன்.

எங்களுக்கு டெனிஷ் பாஸ்போட் கிடைத்த பிறகுதான் போக முடிந்தது. வடக்கே பாலைவன ஓரத்தில் ஒரு பஸ் நிலையத்தில் சிலிக்காரர் தன் அக்காவோடு நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. எங்களைக் கட்டிப்பிடித்தவர், கையை எடுக்க முன்னமே டெனிஷில் தொடங்கிவிட்டார். தொழிற்சாலையில் யார் யார் இருக்கிறார்கள், கண்டீன் மனுசி இப்போதும் ஏசுகிறாளா, மழை எப்படி. பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எங்கள் மூவரில் ஒருவருக்கும் டெனிஷ்கார முகம் இல்லை. என் கணவர் பதில் சொல்ல, அவர் சிரித்தார்; கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கேட்டார்.

அடுத்த நாள் அவருடைய பழைய காரில் பாலைவனத்துக்குள் போனோம். ஒரு புல்கூட இல்லாத நிலம், கண் எட்டியவரை செம்மண் நிறம். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னுக்கு இருந்த இரண்டு ஆண்களும் பாலைவனத்தைப் பார்க்கவே இல்லை; கதைத்துக்கொண்டே வந்தார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா ஸ்பானிஷில் தம்பியிடம் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். மனமில்லாமல்தான் சிலிக்காரர் மொழிபெயர்த்தார்:

"டென்மார்க்கில் இருந்து திரும்பி வந்த நாளில் இருந்து நான் வாயே திறக்கவில்லையாம். நீங்கள் வந்த பிறகுதான் கதைக்கிறேனாம்; உங்களைத் திரும்பிப் போக விடக் கூடாதாம்."