ஓரகத்தியின் பாகற்காய் மாத்திரை

நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளிலே காட்சி தரும் உத்திரமேரூர் வரதப் பெருமானே, இந்த எழுத்தில் பொய் கலவாமல் காத்தருள்க. இன்று மார்கழி வளர்பிறைத் துவாதசி. நெல்லிக்காயும் அகத்திக்கீரையும் சேர்த்து உண்டு, ஏகாதசி விரதத்தின் பாரணை முடித்து, உடலில் தெம்பு திரும்பிய இக்காலைப் பொழுதில் எழுத அமர்கிறேன்.

என் மூத்த ஓரகத்தியின் பூசை மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு பச்சை நிறப் புட்டி இருந்தது. பாகற்காய்ச் சாற்றை வற்றவைத்துப் பொடியாக்கி அடைத்த மாத்திரைகள் அதில் இருந்தன. சர்க்கரை நோய்க்கு நல்லதென்று அவருடைய மகன் சென்னையிலிருந்து வாங்கி வந்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையோடு இதையும் காலையும் மாலையும் விழுங்கத் தொடங்கினார். சில மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. முகத்தின் வீக்கம் வடிந்தது. பழையசீவரத்தில் நடந்த ஒரு திருமணத்தில், எங்கள் இருவரில் இளையவர் யார் என்று புதிதாய் வந்த சம்பந்தியம்மாள் கேட்டபோது, நான் சிரித்துக்கொண்டேதான் நின்றேன். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

பொறாமை எனக்குப் புதிதன்று. கோவிலில் பாசுரம் பாடும் எங்கள் பெண்கள் கோஷ்டியில் முதலடியை எடுத்துக் கொடுப்பவர் அவர். பின்தொடர்பவர்களில் ஒருத்தி நான். பதம் பிரித்துப் பொருள் சொல்ல என்னால் முடியும், அவரால் முடியாது. ஆனாலும் அவர் வாய் திறந்தால் மண்டபத்தில் பேச்சு அடங்கும். இப்போது அந்தக் குரலுக்கு உடல் தெம்பும் சேர்ந்துகொண்டது. எனக்கும் இரண்டு மாத்திரை கொடுங்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"உனுக்கு எதுக்குடி? சக்கரையே இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு இது?" என்று புட்டியை மூடி வைத்தார். அந்த நோய்கூட எனக்கு வாய்க்கவில்லையே என்று வீடு வந்து சேரும்வரை மனம் புழுங்கியது.

சென்ற ஆண்டு வைகுண்ட ஏகாதசி. விளக்கேற்றும் வேளையில் கோஷ்டி கூடியது. வழக்கம்போல் அவர் முன்னே அமர்ந்தார்; நான் அவருக்கு அருகில். நாள் முழுதும் பட்டினி கிடந்தும் அவர் முகம் வாடவில்லையே என்று ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். பெருமாளைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததே அதிகம். நாலாம் பாசுரத்தின் நடுவில், ஒருநாளும் தவறாத ஓரிடத்தில் அவர் நாக்கு தடுமாறியது. என் நெஞ்சு துள்ளியது. அடுத்த சொல்லை எடுக்க வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் கண்டேன். மார்கழிக் குளிரில் அவர் மேலுதட்டில் வியர்வை முத்தாய் அரும்பியிருந்தது. தாளம் போட்ட விரல்கள் தாளத்துக்கு வராமல் நடுங்கின. பாசுரத்தை விட்டுவிட்டு, பெருமாளுக்குப் படைத்த தட்டிலிருந்த சர்க்கரையை அள்ளி அவர் வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏகாதசிடி..."

"பெருமாள் பிரசாதம். வாயைத் தொற, அக்கா."

திறந்தார். கரைந்து இறங்கியதும் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். அதற்குள் என் கொழுந்தனார் மகன் ஆட்டோவோடு வந்தான்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் விசாரித்தார். "ஏகாதசிக்கு அரிசிதான் கூடாது. மாத்திரை மருந்து, விரதம் கெடாது. இது காய், இதுவும் கெடாதுன்னு ரெண்டையும் போட்டுக்கினேன்" என்றார் ஓரகத்தி. விரதத்துக்குக் குறை வராமல் பார்த்துக்கொண்டவர், வயிறு காலியாயிருப்பதை மட்டும் மறந்துவிட்டார்.

"காய்தானேன்னு நெனைச்சீங்களா? கூடையளவு காயைச் சுருக்கி வெச்ச மாதிரிம்மா அது. ஏற்கெனவே சக்கரையைக் கொறைக்கிற மாத்திரை போடறீங்க. இதுவும் சேர்ந்து இழுத்தா எங்க போய் நிக்கும்? இதச் சாப்பிடறதா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். சிலருக்குப் பாகற்காய் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கலாம்; ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது; எதைச் சேர்ப்பதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே சேர்க்க வேண்டும்; சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் தாமாகப் பட்டினி கிடக்கக் கூடாது என்றார். புட்டி அன்றோடு நின்றது. பாகற்காய் இப்போது குழம்பில் மட்டுமே வருகிறது.

வீடு திரும்பியதும், எவளோ கண் வைத்துவிட்டாள், சுற்றிப்போட வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் மிளகாயோடு வந்தார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஓரகத்தி கையமர்த்தினார். "இவ என்னியே பாத்துக்கினு இருந்தா. இல்லன்னா நான் போய்ச் சேந்திருப்பேன். சும்மா போங்கடி."

நேற்று மீண்டும் வைகுண்ட ஏகாதசி. டாக்டர் சொல்படி அவர் வேளாவேளைக்கு இட்லி சாப்பிட்டார், மாத்திரை போட்டார். விரதமில்லாத வாயால் முதலடி எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாய்ச் சொல்லி, என் தோளைப் பிடித்து முன்னிடத்தில் அமர்த்தினார். நான் எத்தனையோ காலம் ஏங்கிய இடம் அது. பிழையின்றிப் பாடினேன், பொருளறிந்து பாடினேன். கடைசிப் பாசுரத்தில் திரும்பிப் பார்த்தபோது, தூணருகே நாற்காலியில் அமர்ந்து, உண்ட களையோடு கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார் என் ஓரகத்தி. கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க வேண்டுமென்ற நினைவுகூட அவருக்கு இல்லை. பட்டினி கிடந்து பாடிய என் கண்களோ, அவர் நலமாயிருக்கிறாரா என்று பார்த்தபடி வறண்டிருந்தன. அந்தக் கண்ணீரையும் அவருக்கே கொடுத்துவிட்டாயே வரதா என்று, பாடி முடிக்கும்வரை உள்ளுக்குள் அவனோடு வழக்காடிக்கொண்டிருந்தேன்.

இதை வாசிப்போர் அனைவர்க்கும் நோயற்ற உடலும், நலங்கெடாத நோன்பும், கேட்ட மாத்திரத்தில் உருகும் நெஞ்சும் அவன் அருள்வானாக.