மச்சானுடைய பள்ளம்

லிப்ட் மெக்கானிக்குக்கு வேலை நாளில் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கத்துவார்கள். இவர் வெளியே நின்று, "பதறாதீங்க, இதோ திறந்துடறேன்" என்பார். கதவு திறந்ததும் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள். அத்தோடு சரி. வீட்டுக்கு வந்தால் பூட்டில் சாவி திரும்பும் சத்தம்தான். மனைவி இறந்தபின் அந்தச் சமையலறையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் ஈரமாகின்றன. பிள்ளைகள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மச்சான் வருவான், மனைவியின் தம்பி. அக்கா போனபிறகும் அவன் அத்தானை விட்டுவிடவில்லை. தூண்டில் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்று குரல் கொடுப்பான்.

"அத்தான், உயிரோட இருக்கீங்களா?"

"நீ வந்து பார்த்துட்டுப் போகட்டும்னுதான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். வா."

இருவரும் ஏரிக்குப் போவார்கள். மச்சான் கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பான். இவருக்கு மீனில் ஆசையில்லை. இவருக்கு ஏரியின் அடித்தரைமேல்தான் ஆசை. ஒரு சின்னப் படகும் பழைய சோனார் கருவி ஒன்றும் வைத்திருந்தார். படகின் பக்கத்தில் தண்ணீருக்குள் கைப்பிடி அளவு குமிழ் ஒன்று தொங்கும். அது கீழே ஒரு சத்தத்தை அனுப்பும். சத்தம் தரையில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும். உழுகிறவர்போல ஒரு கோடு போவார், பக்கத்திலேயே ஒரு கோடு திரும்புவார். காற்று தள்ளிவிட்டால் அந்தக் கோட்டை மறுபடியும் போடுவார். பிறகு எல்லாவற்றையும் மேப்பாக்கி இணையத்தில் ஒரு பொதுத் தளத்தில் ஏற்றிவிடுவார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். அவரைப்போல எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் தங்கள் ஏரிகளை அங்கே போட்டிருந்தார்கள். தன் ஏரியை முகம் தெரியாத யாரோ ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

"என்ன டாக்டரே, ஸ்கேன் எடுத்தாச்சா? ஏரி முழுகாம இருக்கா?" என்று மச்சான் கரையிலிருந்து கத்துவான். மற்ற தூண்டில்காரர்கள் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

ஒரு ஞாயிறு, படகைக் கிழக்குக் கரைப் பக்கம் திருப்பினார். அங்கே ஒரு மரம் தண்ணீர்மேல் சாய்ந்திருக்கும். மச்சான் கம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அத்தான், அந்தப் பக்கம் வேண்டாம்."

"ஏன், பாம்பு கீம்பு இருக்கா?"

"பாம்பா இருந்தாப் பரவாயில்லையே. என் பள்ளம் இருக்கு."

எப்போதோ மணல் தோண்டிய பள்ளம் அது. சுற்றிலும் இடுப்பளவுத் தண்ணீர். திடீரென்று ஒரு இடத்தில் மட்டும் மூன்று ஆள் ஆழம். வெயில் காலத்தில் பெரிய மீனெல்லாம் அங்கேதான் போய்க் கிடக்கும். மச்சான் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் மூட்டை கட்டும்வரை வேறு இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு நைசாக அங்கே போவான்.

"நீங்க ஊருக்கே படம் போட்டுக் காட்டிடுவீங்க. அப்புறம் அங்க கம்பு வைக்க இடம் இருக்காது. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் அத்தான்."

எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன்தான் என்று இவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. "சரிடா, விட்டுடறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஓரத்தில் ஏற்கெனவே போட்டிருந்த கோடுகள் பள்ளத்தைத் தொட்டிருந்தன. வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு மேப்பை ஏற்றினார். அந்த இடம் வெள்ளையாக நிற்கும் என்று நினைத்தார். நிற்கவில்லை. அளவு இல்லாத இடத்தை, அக்கம்பக்கத்து அளவைப் பார்த்து அந்தத் தளமே நிரப்பிவிடும். சுற்றிலும் இடுப்பளவு என்பதால் பள்ளத்துக்கும் அதே வெளிர்நீலத்தைப் பூசிவிட்டது. நல்லதாகப் போயிற்று, வெள்ளையாக இருந்தால்தானே எவனுக்காவது சந்தேகம் வரும் என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்.

சில வாரம் கழித்து, ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்தபோது செய்தி ஒன்று வந்தது. எழுதியது ஒரு நீச்சல் டீச்சர்.

"உங்க மேப்புக்கு ரொம்ப நன்றி. சாய்ந்த மரத்துப் பக்கம் ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவுதான்னு காட்டுது. இந்த சனிக்கிழமை பிள்ளைங்களை அங்கதான் இறக்கப்போறோம்."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. "அங்க இறக்காதீங்க, பெரிய பள்ளம் இருக்கு" என்று உடனே எழுதினார்.

"மேப்ல இல்லையே?"

"தப்பு என்னுது. இன்னைக்கே சரி பண்ணிடறேன்."

எழுதிவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார்.

"அதான் அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்கல்ல? அப்புறம் என்ன?" என்றான் மச்சான்.

"கேட்காம இறங்கறவங்களுக்கு யாரு சொல்றது?"

"ஏரியில இறங்கறவனெல்லாம் உங்க மேப்பைப் பார்த்துட்டா இறங்கறான்?"

"ஒருத்தன் பார்த்துட்டு இறங்கினாலும் நான் பிடிச்சுத் தள்ளின மாதிரிதானேடா."

"அக்கா மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமலே போனை வைத்துவிட்டான்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் நேராக ஏரிக்குப் போய், பள்ளத்தின் மேலே குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு அளந்தார். மேப்பில் அந்த இடம் கருநீலமானது.

அடுத்த ஞாயிறு மச்சான் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இவர் சட்டை மாட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறியபின் தனியாகக் கிளம்புவார். சாய்ந்த மரத்தடியில் புதுப்புது ஆட்கள் கையில் போனோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். படகு பக்கத்தில் போனால், "தள்ளிப் போங்க சார், மீனை விரட்டறீங்க" என்றான் ஒருவன். மேப்பைப் போட்டவரே அவர்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் எதிர்க்கரையில் பத்திரமாக நீந்தினார்கள். அங்கேயும் அவருக்குப் பழக்கமானவர்கள் இல்லை.

வெயில் காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள், படகைக் கட்டும் இடத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். "உயிரோட இருக்கீங்களா" என்றெல்லாம் அவன் கேட்கவில்லை.

"அத்தான், வேற எங்கயாவது பள்ளம் இருக்கா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

இருந்தது. வடக்கு மூலையில், நாணலுக்கு அந்தப்புறம், அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தார். அது கருவிக்குள் மட்டும்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். அடுத்த ஞாயிறு வாசலில் குரல் கேட்கும்.

"வடக்கு மூலையில ஒண்ணு இருக்கு. வீட்டுக்குப் போனதும் மேப்ல போட்டுடுவேன்" என்றார்.

மச்சான் அவர் முகத்தையே பார்த்தான். "அப்ப எனக்கு சாயங்காலம் வரைக்கும்தானா?"

"ஏறு, படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

"வேண்டாம். நான் கரையோடவே போய்க்கறேன்."

அவன் போய் நாணல் ஓரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இவர் நடு ஏரிக்குப் போய்த் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். சோனாரை அணைத்துவிட்டார். மச்சானுக்கு மீன் விழுந்ததா இல்லையா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. தண்ணீர் கறுத்தது. மரத்தடிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மச்சான் எழுந்து, கம்பை மடித்து, சாலைக்கு ஏறும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

பிறகு வீட்டுக்குப் போய் வடக்கு மூலையை மேப்பில் ஏற்றினார்.