கோழித்தோல்

என் இரண்டு புஜங்களிலும் பின்பக்கமாகப் பொரிப்பொரியாக இருக்கும். இன்றைக்கும் இருக்கிறது. வலிக்காது, அரிக்காது, பிறருக்கு ஒட்டவும் ஒட்டாது. தடவினால் இறகு பிடுங்கிய கோழியின் தோல்போலச் சொரசொரவென்று கையில் படும். விஷயம் அவ்வளவுதான். அந்த அற்ப விஷயத்துக்காக என் சிறுவயது வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக் குளியலறையில் தேய்ந்துபோயின.

தேய்ந்துபோயின என்று சும்மா சொல்லவில்லை. விடிவதற்கு முன்பே அம்மா எழுப்பிவிடுவாள். காய்ச்சிய நல்லெண்ணெயைப் புஜத்தில் அழுத்தித் தேய்த்து, ஊறவிட்டு, பயத்தமாவும் மஞ்சளும் குழைத்துப் பூசி, கடைசியில் பீர்க்கங்காய் நாரைக் கையில் எடுப்பாள். அந்த நாருக்காகவே பின்பக்க வேலியில் கொடி படரவிட்டிருந்தாள். பிஞ்சாகப் பறிக்க யாரையும் விடமாட்டாள். எங்கள் வீட்டில் பீர்க்கங்காய்க் கூட்டு தின்றதாக எனக்கு நினைவே இல்லை. எல்லாம் முற்றிக் காய்ந்து என் கைக்கே வந்து சேர்ந்தன.

குட்டை மணையில் குந்தியபடி நான் கையை நீட்ட வேண்டும். அம்மா மூச்சு வாங்கத் தேய்ப்பாள். தோல் செக்கச்செவேலென்று சிவந்து எரியும். பள்ளிச் சட்டையின் கை அதில் உரசும்போது பாடமாவது, மண்ணாவது. திங்கட்கிழமைக்குள் பொரிகள் பழையபடி வந்து உட்கார்ந்துவிடும், சில சமயம் கூடுதலாகவே. அப்போதும் அம்மா சளைக்கவில்லை. தேய்த்தது போதவில்லை என்று மட்டும் முடிவு செய்வாள்.

அப்பா ஒருநாள் குளியலறை வாசலில் நின்று கேட்டார். "பிள்ளையக் குளிப்பாட்டுறியா, தேங்கா துருவுறியா?"

"நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுக்குப் போற பிள்ளை. அப்ப நீங்களா வந்து பதில் சொல்லப் போறீங்க?" என்றாள் அம்மா, கை நிற்காமல்.

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டி வீட்டம்மா ஒருவர் இருந்தார். கும்பிடுகிற சாமி எங்கள் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "பாடான் பானாஸ்" என்றார். உடம்புச் சூடு. அம்மாவும் அதைத்தான் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மொழியும் ஒத்துப்போன பிறகு நான் தப்புவது எங்கே? அரிசியை ஊறவைத்து அரைத்துக் காயவைத்த பெடாக் செஜுக் என்ற குளிர்ச்சி மாவை அவர் ஒரு டப்பாவில் கொடுத்தார். அன்றிலிருந்து நார் வேலை முடிந்ததும் வெள்ளையடிப்பும் சேர்ந்துகொண்டது. டுரியான், மாம்பழம், நண்டு எல்லாம் சூடு என்று என் தட்டிலிருந்து போயின. தம்பிகள் என் எதிரிலேயே உட்கார்ந்து தின்றார்கள்.

பொறுக்கமாட்டாமல் அப்பா என்னையும் அம்மாவையும் டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் புஜத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை அப்பா தமிழில் சொன்னார். இது நோயே இல்லையாம். தேய்த்தால் இன்னும் கிளம்புமாம். குளித்த ஈரத்தோடு களிம்பு தடவிவிட்டுச் சும்மா விட்டால் போதுமாம், வயது ஏற ஏறக் குறையுமாம். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருக்கும் என்றும் சொன்னாராம்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். வெளியே வந்ததும், "ஒன்னும் இல்லேன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை நன்றாகத் தேய்த்துவிட்டு, புண்ணான தோலின்மேல் டாக்டரின் களிம்பையும் தடவினாள். எரிச்சலில் எனக்கு உயிர் போய் வந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். தெருவெல்லாம் கொடித்தோரணம், கடைக்குக் கடை ரேடியோவில் அதே பேச்சு. நாட்டுக்குக் கிடைத்துவிட்டது, என் கைக்கு எப்போது கிடைக்கும் என்பதுதான் அப்போது என் கவலை. மாப்பிள்ளை மலாக்காவிலேயே தெங்கேராப் பக்கத்துக்காரர். ஆளை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அங்கே வந்து நிற்க முடியாது என்ற ஒன்றுக்காகவே தலையாட்டினேன். அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

அம்மாவுக்கு நலங்கை நினைத்துத்தான் பயம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து மணப்பெண்ணின் கன்னத்திலும் கைகளிலும் சந்தனம் பூசுவார்கள். பார்வைக்கு மறைத்துவிடலாம், தொடுகிற கைக்கு என்ன செய்வது? முழங்கை வரைக்கும் கை வைத்து எனக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். நலங்குக்கு முந்திய வாரங்களில் வெள்ளிக்கிழமை என்ற கணக்கும் போய், நினைத்தபோதெல்லாம் நாரை எடுத்தாள்.

தையல்காரர் கையைத் தொளதொளவென்று தைத்துவிட்டார். நலங்கு அன்று மாமியார், "புதுப் பட்டுல சந்தனம் ஒட்டிக்கும்" என்று சொல்லி அதைத் தோள்வரை ஏற்றிவிட்டார். சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற அம்மா, "கன்னத்துல பூசுங்க, கன்னத்துல போதும்" என்றாள். யாரும் கேட்கவில்லை. மாமியாரின் உள்ளங்கை என் புஜத்தின் பின்பக்கம் வந்து நின்றது. அம்மா சந்தனக் கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிறகு அந்தக் கை ஒன்றுமே நடக்காததுபோல் சந்தனத்தைப் பூசிக்கொண்டு கீழே இறங்கியது.

சாப்பாடு ஆனதும் அம்மா அவரைச் சமையற்கட்டுப் பக்கம் அழைத்துப்போய் வெகுநேரம் பேசினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒன்னும் சொல்லல. நல்ல மனுஷி" என்றாள்.

தெங்கேராவில் எனக்கு முதல் வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே மாமியார் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எண்ணெய், மாவு, மணை எல்லாம் தயாராக இருந்தன. அவர் கையில் நார். எங்கள் வேலியில் காய்ந்த நாரை எனக்குத் தெரியாதா?

"உங்கம்மா ஒரு பை நெறையா குடுத்து அனுப்பினாங்க. வெள்ளிக்கிழமை தவறாம தேய்ச்சு விடணும்னு என் கையப் புடிச்சுக் கேட்டாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. "வேணாம் அத்தை" என்றேன். "தேய்ச்சாலும் போகாது. டாக்டரே சொல்லிட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார். நாரைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தார். "நெசமாவா? அப்பாடா. இந்த இடுப்ப வச்சிக்கிட்டு குனிஞ்சு தேய்க்க என்னால முடியாதுலா. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டார்.

இத்தனை வருஷம் எதற்கு ஏங்கினேனோ அது ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டது. நானே தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன். கையை யாரும் பிடிக்கவில்லை. கொஞ்சநேரத்தில் அழுகை வந்தது, ஏனென்று எனக்கே அப்போது விளங்கவில்லை.

அதன்பிறகு குளித்த ஈரத்தோடு களிம்பு தடவியதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா விட்டதிலேயே சிவப்பு அடங்கிவிட்டது. பொரிகள் முழுக்கப் போகாவிட்டாலும் நன்றாகத் தணிந்துவிட்டன.

சில மாதம் கழித்துத் தாய்வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா என் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுப் புஜத்தைத் தடவினாள். மேலும் கீழுமாகத் தடவினாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மா நல்லா தேய்க்கிறாங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் காய்த்துப்போன கை. "எனக்குத்தான் கைவாகு பத்தல போல. பிள்ளைய சும்மா போட்டு வதைச்சிருக்கேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாரும் தேய்க்கவில்லை, தேய்க்காததால்தான் இப்படி இருக்கிறது என்று சொன்னால் அவள் மனம் இன்னும் விட்டுப்போகும். மாமியார் வேறு சொல்லாதே என்று கேட்டிருந்தார். பஸ்ஸில் நின்றே வந்ததில் உடம்பும் ஓய்ந்திருந்தது.

"அவங்களுக்கு உன்ன மாதிரி வராதும்மா. இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே, நீ தேய்ச்சு விடேன்" என்றேன்.

அம்மா நாரெடுக்க வேலிப்பக்கம் போனாள். நான் குளியலறைக்குப் போய், மணையை இழுத்துப் போட்டு, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.